மழைக்கு ஒதுங்கிய இடம்

அவைத்தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரப் பெருமக்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பெரியவரே, முன்வரிசைத் தலைமையாசிரியர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் முழங்கி அமர்ந்த கவிஞர் அவர்களே, கடைசி பஸ்ஸை நினைத்தபடியே உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டு அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நவீன ஓவியம் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். புரியாத படத்தை எப்படிப் பார்ப்பது என்பது ஒன்று. சென்னை ஓவியர்கள் 1966-இல் சோழமண்டலம் கிராமத்தை உண்டாக்கிய கதை இரண்டு. மூன்றாவது நம்ம ஊர். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்றாள் ஔவை. மேடைக்கு மேடை இதைச் சொல்கிறவன் நான், இன்றும் விடப்போவதில்லை.

போன வருஷம் நானும் என் மைத்துனரும் திருவனந்தபுரம் போனோம். அவர் கொலுசுப் பட்டறைக்காரர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். பத்மநாப சுவாமியைச் சேவித்துவிட்டு மிருகக்காட்சி சாலைப் பக்கம் நடந்தோம். பிடித்தது மழை. ஓடி ஒதுங்கின இடம், கே.சி.எஸ். பணிக்கர் ஓவியக்கூடம்!

பணிக்கர் நமக்கு அந்நியர் இல்லை. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். அதில் ஒரு படத்தின் முன்னால் மைத்துனர் நின்றுவிட்டார். கட்டம், கோடு, பொடி எழுத்து, எண் மாதிரி ஏதோ. "மாமா, யாரோ ஜாதகத்தை மாட்டி வச்சிருக்காங்க. லக்னம் எதுன்னுதான் தெரியல" என்றார்.

எழுத்து மலையாளம் போலிருக்கவே, பக்கத்தில் நின்ற மலையாளக் குடும்பத்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் பார்த்தார். காலேஜ் படிக்கும் மகளும் பார்த்தாள். ஒரு வார்த்தை தேறவில்லை! எழுத்துச் சாயல்தான், எழுத்து இல்லை. படிக்க எழுதினதல்ல, பார்க்க எழுதினது.

மைத்துனர் இன்னும் கிட்டே போனார். "இந்தக் கோட்டைப் பாருங்க மாமா. நடுவுல கை நிக்கவேயில்ல. கம்பி இழுத்துப் பழகின கை மாதிரி." மழை விட்டு அரை மணி நேரமாகியும் அவரை வெளியே கிளப்ப முடியவில்லை.

சித்திரமும் கைப்பழக்கம்! சரி, நம் பிள்ளைகளின் கை எங்கே பழகுகிறது? அட்டவணையில் ஓவியப் பிரிவேளை இருக்கிறது. மணி அடித்ததும் உள்ளே வருகிறவர் கணக்கு வாத்தியார். போர்ஷன் முடியவில்லையாம். கணக்கு நோட்டுப் பக்கம் போலவே படம் போட்ட பணிக்கரின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், எனக்குக் கணக்கின் மேல் கோபமில்லை. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியத்துக்கும் சேர்த்து. வாரத்துக்கு மூன்று அரை நாள். அதில் எந்தக் கை ஐயா பழகும்? அவர்களை முழுநேரமாக்க வேண்டும். அதுவரை அந்த ஒரு பிரிவேளையையாவது யாரும் கடன் கேட்கக் கூடாது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சோழமண்டலம் அடுத்த கூட்டத்தில். வாசல் மேசையில் மனு இருக்கிறது. டீக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேனாவோடு உட்கார்ந்திருப்பவர் என் மைத்துனர்தான்.