பாதிப் பணம் முன்னாலேயே

மாண்புமிகு அமைச்சர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, தொழில் துறை அதிகாரிகளே, காலையிலிருந்து வெயிலில் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் கைவினைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். அமைச்சர் அவர்கள் ஒவ்வொரு கடையிலும் நின்று, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, செய்தவரிடமே விவரம் கேட்டார்கள். அந்த அக்கறைக்கு முதல் நன்றி. பொன்னாடைக்குப் பதிலாகச் சுடுமண் குதிரை கொடுத்து எங்களை வரவேற்ற விழாக் குழுவினருக்கும் நன்றி.

புதுப் பொருள்கள், பேக்கிங், விலை என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். புதுமைக்கு இங்கே குறைவில்லை. அய்யனார் குதிரை உள்ளங்கையில் அடங்குகிறது. செல்போன் ஸ்டாண்டு சுடுமண்ணில் வந்திருக்கிறது. காகிதக்கூழ் யானை சாவிக்கொத்தில் ஆடுகிறது. நம் புதுச்சேரியின் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் கலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெருமைதான். ஆனால் பெருமையை வைத்து மண்ணும் விறகும் வாங்க முடியாது.

‘குயவனுக்கு ஆறு மாசம், தடிக்காரனுக்கு அரை நாழிகை’ என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா காகிதக்கூழ் பொம்மை செய்பவர். ஒரு கல்யாண வீட்டார் வந்து, ரிட்டர்ன் கிஃப்டுக்கு முந்நூறு யானை கேட்டார்கள். “அட்வான்ஸ் எதுக்கும்மா, நாங்க எங்க போயிடப் போறோம்?” என்றார்கள். அந்த அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. காகிதத்தை ஊறவைத்து அரைத்து, பசை சேர்த்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, ஒவ்வொரு யானைக்கும் கண் எழுதி முடித்தார். மருமகள் முகபடாம் வரைந்தாள். பெயின்டும் தூரிகையும் கடனில் வந்தவை. கடைசியில் ஒரு போன்: “பிளாஸ்டிக் டப்பா மலிவாக் கிடைச்சுது, அதையே வாங்கிட்டோம்.” அவ்வளவுதான். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் ஈரம் ஏறி, யானைகள் காது மடங்கி, வயிறு உப்பிப் போயின. நான் போனபோது அந்த அம்மா அழவில்லை. எது தேறும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை நாழிகை வேலைக்குத் தடி வேண்டியதில்லை, ஒரு போன் போதும்.

பேக்கிங் பற்றி அதிகாரிகள் விளக்குவார்கள். நான் கேட்பது முன்பணம். சுடுமண் வேலையை அவசரப்படுத்த முடியாது. நிழலில் நின்று காய வேண்டும்; உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடித்துவிடும். அத்தனை நாளும் அந்தக் குடும்பம் சாப்பிட வேண்டாமா? அமைச்சர் அவர்களே, அரசு விழாக்களின் நினைவுப் பரிசு ஆர்டரை நேரடியாக இவர்களிடமே கொடுங்கள்; ஆர்டரோடு பாதிப் பணத்தையும் கொடுக்க ஆணையிடுங்கள். தனியாரும் அதைப் பார்த்துப் பழகுவார்கள்.

சரி, பார்க்க வந்திருக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நுழைவாயில் பக்கத்துக் கடையில் ஆர்டர் புத்தகம் வைத்திருக்கிறோம். தை மாதம் கல்யாணம் வைத்திருப்பவர்கள் பெயரை எழுதி, பாதித் தொகையைக் கட்டிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.