மாட்டு வண்டியில் வந்த போர் விமானம்

வணக்கம் நேயர்களே. சின்னதாக ஒரு திரைப்படச் சங்கத்தில் பல வருடமாகப் படம் போட்டுக் காட்டுகிறவன் நான். ஜப்பானிய அனிமேஷன் படம் போடுகிற அன்று யாராவது ஒருவர் வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் சார், இதில் எதற்கு அரசியல்?" இணையத்திலும் இதே கேள்விதான். அங்கே மரியாதை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

சரி, ஜப்பானின் முதல் முழுநீள அனிமேஷன் படத்துக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? அந்த நாட்டுக் கடற்படை! 1945 ஏப்ரலில் வந்த படம். நாட்டுப்புறக் கதையில் வரும் மொமொதாரோ என்ற பையன்தான் தளபதி. குரங்கும் கரடியும் பாராசூட்டில் குதித்து ஒரு தீவைப் பிடிக்கும், ஆங்கிலேய அதிகாரிகள் நடுங்கிப்போய்ச் சரணடைவார்கள். இடையே காட்டு விலங்குகளுக்கு ஜப்பானிய மொழிப் பாடம் வேறு, பாட்டாகவே நடக்கும். அ, இ, உ, எ, ஒ. நம் அரிச்சுவடி மாதிரி கேட்கிறதா? அந்த எழுத்து வரிசை பௌத்தத்தோடும் சமஸ்கிருதத்தோடும் இந்தியாவிலிருந்து அங்கே போனதுதான். அந்தப் படத்தை எடுத்த மிட்சுயோ செயோ, அதற்கு முன்னால் இடதுசாரிக் குழுவில் இருந்தவர். போர் முடிந்ததும் அரசனின் வாலைப் பற்றி ஒரு படம் எடுத்தார். இடதுசாரி வாடை அடிக்கிறது என்று அதை வெளியிட மறுத்துவிட்டார்கள். மனிதர் அனிமேஷனை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரையப் போய்விட்டார். அரசியல் எதற்கு என்று கேட்கிறவரிடம் நான் இந்த செயோவைத்தான் காட்டுவேன். அரசியல் இல்லாத காலம் ஒன்று அங்கே இருந்ததே இல்லை. யாருடைய அரசியல் என்பதில்தான் சண்டை.

இப்போது 2013 கோடைக்கு வருகிறேன். அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகிக்கு அப்போது வயது 72. ஜீரோ என்ற போர் விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியைப் பற்றி அவர் எடுத்த 'காசே தாச்சினு', அதாவது 'காற்று எழுந்தது', ஜூலை 20ஆம் தேதி வெளியானது. மறுநாள் மேலவைத் தேர்தல். போரே வேண்டாம் என்று சொல்லும் அரசியல் சட்டத்தைத் திருத்துவதை எளிதாக்க வேண்டும் என்று ஆளுங்கட்சி பேசிக்கொண்டிருந்த நேரம். படம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மியாசாகியின் ஜிப்லி ஸ்டுடியோ தன் சிறு பத்திரிகையில் வந்திருந்த கட்டுரைகளை இணையத்தில் ஏற்றியது. அதில் மியாசாகி, திருத்தம் என்ற பேச்சே கூடாது என்றார். போர்க்காலத்தில் ராணுவத்துக்காகச் சீரழிக்கப்பட்ட பெண்களிடம் ஜப்பான் முறையாக மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தர வேண்டும் என்றும் எழுதினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தேசத்துரோகி, ஜப்பானுக்கு எதிரி, கிழவருக்குப் புத்தி கெட்டுவிட்டது. வலதுசாரிகள் வாயில் இந்த வசவு.

அதே வாரங்களில் தென்கொரியாவில் இதற்கு நேர்மாறான வசவு. கொலைக் கருவி செய்தவனைக் கதாநாயகன் ஆக்கிவிட்டார், போர் வெறியர் என்று. இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஜீரோவைச் செய்த மிட்சுபிஷியின் ஆலைகளில், அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த கொரியர்கள் கட்டாய வேலை செய்தார்கள், படத்தில் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. ஜீரோ நமக்கும் அந்நியமில்லை. 1942 ஏப்ரலில் கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் வந்த விமானங்களில் ஜீரோவும் உண்டு.

ஒரே ஆள் ஒரே மாதத்தில் தேசத்துரோகியாகவும் போர் வெறியராகவும் ஆனார். மூன்றாவதாகப் புகையிலை எதிர்ப்புச் சங்கத்தாரும் வந்து சேர்ந்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜம். காசநோயில் கிடக்கிற மனைவியின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஜிரோ வரைபடத்தில் வேலை செய்கிறான். சிகரெட் பிடிக்க வேண்டும், கையை விடு என்கிறான். இங்கேயே பிடி என்கிறாள் அவள். கை விடுபடவில்லை, சிகரெட் பற்றிக்கொள்கிறது. காதலா, சுயநலமா? எத்தனை தடவை பார்த்தும் எனக்குத் தீரவில்லை. சங்கத்தார் எழுதிய கடிதத்தில் இந்தக் காட்சியும் இருந்தது.

மியாசாகியின் பெரியப்பாவோ சித்தப்பாவோ நடத்திய தொழிற்சாலை, ஜீரோவுக்கு உதிரிப்பாகம் செய்தது. போர் விமானம் என்றால் அவருக்கு உயிர், போர் என்றால் வெறுப்பு. இதை அவரே மறைத்ததில்லை. படமும் அப்படித்தான். முதல் ஜீரோவின் பாகங்களை நகோயாவிலிருந்து விமானத் தளத்துக்கு மாட்டு வண்டியில்தான் கொண்டு போனார்கள், நாற்பது கிலோமீட்டருக்கு மேல். சாலை அவ்வளவு மோசம். படத்திலும் மாடுகள் வரும். உலகத்தை மிரட்டப் போகிற விமானம், மாடு நடக்கிற வேகத்தில்.

வானொலியில் இருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்தின் என்ஜின் ஓசைகள் மனித வாயால் செய்தவை. உறுமுவது, தடதடப்பது, திணறுவது எல்லாம் மைக் முன்னால் நின்ற ஆட்கள். படத்தில் வரும் 1923 டோக்கியோ பூகம்பத்தில் நிலம் முனகுவதும் குரல்தான். ஒலியும் ஒற்றைத் தடம், பழைய ரேடியோ மாதிரி. கடைசியில் ஜீரோக்கள் வானில் கூட்டமாகப் போகும்போது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பான் ஜிரோ. துரோகி என்றவரும் வெறியர் என்றவரும் அதுவரை உட்கார்ந்து பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம். படம் என்னவோ ஓடியது. அந்த வருடம் ஜப்பானில் அதிக வசூல் அதற்குத்தான், சுமார் 1,200 கோடி யென்.

ஐயோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். ஹிரோஷிமா அணுகுண்டைப் பற்றிய படக்கதைப் புத்தகமான 'வெறுங்கால் கென்' பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். 1983இல் அனிமேஷனாகவும் வந்தது. அதே 2013 ஆகஸ்ட்டில், மட்சுயே நகரப் பள்ளி நூலகங்களில் அந்தப் புத்தகம் உள் அலமாரியில் பூட்டிக் கிடப்பது வெளியே தெரிந்து அமளியானது. மாத முடிவுக்குள் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

'காசே தாச்சினு' கிடைத்தால், அந்தப் பூகம்பம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வணக்கம்.