விக்ராந்த் ஓடி ஒளிந்ததா?
(நாகர்கோவில் பட்டிமன்றத்தில் விமானந்தாங்கி அணிக்காகப் பேசிய உரை)

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எதிரணிக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வணங்கினால் அதற்குள் மணி அடித்துவிடுவார்கள்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். கடலில் ஒரு நாட்டின் கையை ஓங்க வைப்பது விமானந்தாங்கிக் கப்பலா, நீர்மூழ்கிக் கப்பலா? நாங்கள் விமானந்தாங்கி. ஏன் என்று கேட்காதீர்கள், சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அதுதான் வந்தது. வந்தபின் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கணக்கெல்லாம் எனக்கு முன் பேசிய தங்கை சொல்லிவிட்டார். அமெரிக்காவிடம் 11, சீனாவிடம் 3, நம்மிடம் 2, பாகிஸ்தானிடம் ஒன்றுகூட இல்லை. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சீனாவின் முதல் விமானந்தாங்கி எப்படி வந்தது தெரியுமா? உக்ரைனில் பாதி கட்டி அப்படியே விட்ட ‘வர்யாக்’ என்ற கப்பலை 1998-இல் ஹாங்காங் தொழிலதிபர் ஒருவர் 2 கோடி டாலருக்கு வாங்கினார். எதற்கு என்று கேட்டார்கள். மக்காவில் நிறுத்தி மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்தப் போகிறேன் என்றார். இழுவைப் படகு கட்டி இழுத்து வந்தால், துருக்கி போஸ்பரஸ் நீரிணையில் விட மாட்டேன் என்று ஓராண்டுக்கும் மேல் நிறுத்தி வைத்தது. அப்புறம் ஆப்பிரிக்காவையே சுற்றி, 2002 மார்ச்சில் டாலியன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 2012-இல் அதற்கு ‘லியாவ்னிங்’ என்று பேர் வைத்துக் கடற்படையில் சேர்த்தார்கள். இன்றுவரை அதில் ஒரு சீட்டுக்கட்டு பிரிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை! உதவாத பொருள் என்றால் இவ்வளவு பாடுபட்டா இழுத்து வருவான்?

சரி, இதை விடுங்கள். நான் எழுதி வைத்திருந்த பேச்சு வேறு. எதிரணிப் பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னாரே, அதைக் கேட்டபின் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? “1971 இந்திய-பாகிஸ்தான் போரில் பாகிஸ்தானின் ஒரே ஒரு நீர்மூழ்கி வருகிறது என்றதும், உங்கள் விமானந்தாங்கி விக்ராந்த், கடன்காரனைக் கண்டவன் பின்வாசல் வழியாக ஓடுகிற மாதிரி அந்தமானுக்கு ஓடி ஒளிந்தது.” நீங்களும் கைதட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மூன்றாவது வரிசை கொஞ்சம் அதிகமாகவே தட்டியது.

ஐயா, ஓடியதா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன். ஓடச் சொன்னது யார் என்பதை முதலில் சொல்கிறேன். அன்று கிழக்குக் கடற்படைக்குத் தலைமை ஏற்றிருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் எது? நாகர்கோவில்! இப்போது தட்டுங்கள். பேராசிரியரே, நாகர்கோவிலில் நின்றுகொண்டு நாகர்கோவில்காரர் போட்ட திட்டத்தைக் கேலி செய்திருக்கிறீர்கள். திரும்பிப் போக வண்டி ஏற்பாடு செய்துவிட்டீர்களா?

கதையைக் கேளுங்கள். விக்ராந்த்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகம் எடுக்க முடியாது. அதைத் தேடிக்கொண்டு வந்தது ‘காஸி’. அமெரிக்காவில் ‘டயாப்ளோ’ என்ற பெயரில் இருந்து பாகிஸ்தானுக்குப் போன நீர்மூழ்கி. நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பி, இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் வந்தது. அதாவது உங்கள் குமரிமுனைக்குத் தெற்கே எங்கோ தண்ணீருக்கடியில் போயிருக்கிறது. உங்கள் தாத்தாமார் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள், தெரிந்திருக்காது.

சென்னையில் நின்ற விக்ராந்த் சத்தமில்லாமல் அந்தமானுக்குப் போனது. அங்கே நிற்கிற இடத்துக்கு ‘போர்ட் எக்ஸ்ரே’ என்று சங்கேதப் பெயர். பேராசிரியர் சொன்ன பின்வாசல் அதுதான். ஆனால் அவர் பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். ஓடுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் என்ன செய்வான்? முன்வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் போவான். கடன்காரன் வருவான், செருப்பைப் பார்ப்பான், ஆள் உள்ளே இருக்கிறான் என்று திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவான்.

கிருஷ்ணன் விட்ட செருப்புக்குப் பெயர் ‘ராஜ்புத்’. ஓய்வு பெறப் போகிற பழைய நாசகாரிக் கப்பல். அதை விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நிறுத்தி, “இன்று முதல் நீதான் விக்ராந்த்” என்று உத்தரவு. ராஜ்புத்தும் விக்ராந்த் மாதிரியே நாள் முழுக்க வயர்லெஸ்ஸில் பேசுகிறது. பெரிய கப்பல்தான் அவ்வளவு பேசும். பேச்சு அதிகம் என்றால் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்கிற வழக்கம் கடலிலும் உண்டு, மேடையிலும் உண்டு.

அது போதாது என்று, விசாகப்பட்டினத்தில் சரக்கு கொடுக்கிறவர்களிடம் கறியும் காய்கறியும் மொத்தமாகக் கேட்டு ஆர்டர் போகிறது. இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். காலையில் கடை திறந்த காய்கறிக்காரர். வாடிக்கையாக இரண்டு மூட்டை கேட்கிற ஆள் வந்து, இருக்கிற முழுவதையும் கொடு என்கிறார். “என்ன சார், கல்யாணமா?” “இல்லை, பெரிய கப்பல் வருது. யார்கிட்டயும் சொல்லாதே.” யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் நம் ஊரில் என்ன ஆகும்? மத்தியானத்துக்குள் டீக்கடையில் தெரியும். சாயங்காலம் கராச்சிக்கே தெரியும்! காய்கறிக்காரர் வசனம் நான் போட்டது. ஆர்டர் போனது நிஜம்.

இன்னொன்றும் செய்தார்கள். விக்ராந்த்தில் வேலை பார்க்கிற மாலுமி ஒருவர் அனுப்புவதாக, ரகசியக் குறியீடு ஏதும் இல்லாமல் திறந்தபடி ஒரு செய்தி. என் அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லையாமே, எப்படி இருக்கிறார்கள் என்று. அந்த மாலுமியும் இல்லை, அந்த அம்மாவும் இல்லை. ஆனால் ஒட்டுக்கேட்கிறவனுக்கு எது நம்பும்படி இருக்கும்? நான் விசாகப்பட்டினத்தில் நிற்கிறேன் என்று ஒரு கப்பல் வாய்விட்டுச் சொன்னால் நம்ப மாட்டான். ஒரு பையன் அம்மாவைப் பற்றிக் கேட்டால் நம்பிவிடுவான். நாகர்கோவில் மூளை, ஐயா!

கராச்சியிலிருந்து காஸிக்குத் தகவல் போகிறது: விமானந்தாங்கி துறைமுகத்தில்தான் இருக்கிறது. காஸி விசாகப்பட்டினத்து வாசலில் போய்க் காத்துக் கிடக்கிறது. டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டியதும் துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். காஸி போய்விட்டது. ராஜ்புத் போட்ட நீரடிக் குண்டில் போனது என்கிறது இந்தியா. தானே விதைத்த கண்ணிவெடியில் மாட்டியது என்கிறது பாகிஸ்தான். அந்தப் பஞ்சாயத்து இந்த மேடையில் தீராது.

இப்போது கேட்கிறேன், பேராசிரியரே. ஓடியவன் எங்கே இருந்தான்? டிசம்பர் 4-ஆம் தேதி, அதே ஓட்டைக் கொதிகலனோடு, அதே விக்ராந்த்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் கிளம்பி காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அதற்கப்புறம் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து கடல் வழியே படை தப்பிக்கிற பாதை அடைபட்டது. டிசம்பர் 16 டாக்காவில் சரணாகதி. கடன்காரன் திண்ணையோடு போனான், ஓடியவன் வட்டியையும் வசூலித்துவிட்டான். இன்னொரு தடவை சொல்லவா? மூன்றாவது வரிசைக்காகச் சொல்கிறேன்: வட்டியையும் வசூலித்துவிட்டான்!

1965-லும் இந்தக் காஸி மேற்குக் கரையில் வந்து காத்துக் கிடந்தது. விக்ராந்த் அப்போது பழுதுபார்க்கப் போயிருந்தது. விக்ராந்த்தைக் காஸி பார்க்கவே இல்லை. ஒரு கப்பலைத் தேடியே இன்னொரு கப்பலின் காலம் முடிந்தது என்றால், இரண்டில் எது பெரிது என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

நடுவர் சிரிக்கிறார். அவருக்கு ஒன்று தோன்றிவிட்டது. டிசம்பர் 4-ஐ நாம் கடற்படை நாளாகக் கொண்டாடுவது விக்ராந்த்துக்காக இல்லை, அன்றிரவு கராச்சியை அடித்த சின்னச் சின்ன ஏவுகணைப் படகுகளுக்காக. உண்மைதான். நல்ல வேளை, எதிரில் இருப்பது நீர்மூழ்கி அணி. படகு அணியாக இருந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

அதே பெயரில் வந்த புது விக்ராந்த்துக்கு 20,000 கோடியா என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஆமாம், கொச்சியில் நம் ஆட்கள் கட்டியது, 2022 செப்டம்பரில் கடற்படைக்கு வந்தது. நம் ஆட்கள் கூலி வாங்கக் கூடாதா? மேலே போகலாம்.

ஒன்றில் மட்டும் நான் எதிரணியோடு மல்லுக்கட்ட மாட்டேன். நம் போர்க்கப்பல் ‘குக்ரி’யைச் சொன்னார்கள். அதே 1971, டிசம்பர் 9 இரவு, டையூ பக்கத்தில் பாகிஸ்தானின் ‘ஹேங்கோர்’ நீர்மூழ்கி அந்தக் கப்பலை மூழ்கடித்தது. 194 பேர். கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தப்பிக்கிற வழியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுக் கப்பலோடு போனார். அதை எதிரணி தன் பக்கம் ஒரு புள்ளியாகக் கணக்கெழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுக்க வாய் வரவில்லை. காஸியிலும் 90-க்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். இவ்வளவு நேரம் திண்ணை, செருப்பு என்று நான் சிரிக்க வைத்தேனே, அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். நாம் அனுப்பிய செய்தியில் இருந்த அம்மா பொய். அவர்களுக்கு இருந்த அம்மாக்கள் பொய் இல்லை.

கடலுக்குப் போனவனுக்காகக் காத்திருப்பது என்னவென்று இந்த மாவட்டத்துக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், நீரோடி. ஆழ்கடலுக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, இங்கே இருக்கிற எத்தனை பேர் அதில் இருந்தீர்களோ. கையில் போட்டோவோடு உட்கார்ந்திருந்த அம்மாக்கள் என்ன கேட்டார்கள்? கப்பலை அனுப்பு, விமானத்தை அனுப்பு, எங்கள் பிள்ளைகளைத் தேடு என்றார்கள். கப்பலும் விமானமும்! இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள் அந்தத் தாய்மார்கள். நீர்மூழ்கியை அனுப்பு என்று ஒரு தாய் கேட்டாளா, பேராசிரியரே? ஒருத்தியாவது கேட்டாளா?

அது வாதம் இல்லை என்று பேராசிரியர் அங்கிருந்து தலையை ஆட்டுகிறார். இல்லைதான். அந்த வீடுகளில் போய் வாதம் பேச எனக்குத் தெம்பு இல்லை, ஐயா. அவர்கள் கேட்டதும் எங்கள் அணி கேட்பதும் ஒன்று, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். தீர்ப்பு நடுவர் கையில். நன்றி, வணக்கம்.