மனம் விட்டுப்போன அஃபிலியேட் வேலையை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்

வணக்கம் எல்லோருக்கும். கன நாளாக வீடியோ போடவில்லை. சுகமில்லையா, வெளிநாடு போய்விட்டீர்களா என்று கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி. சுகமாக இருக்கிறேன், யாழ்ப்பாணம் கொக்குவிலில்தான் இருக்கிறேன். வேலையில் மனம் விட்டுப்போனது, அதுதான் காரணம். இப்போது திரும்பத் தொடங்கிவிட்டேன். மனம் எப்படிப் போனது, எதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன் என்று இன்று கதைக்கப் போகிறேன். இதே வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் வைத்திருக்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். முக்கியமாக அவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாமானைப் பற்றி வீடியோ போட்டு, கீழே ஒரு லிங்க் கொடுக்கிறேன். நீங்கள் அதை அமத்திப் போய் வாங்கினால், விற்கிற தளம் எனக்குக் கொமிஷன் தரும். இதைத்தான் அஃபிலியேட் என்கிறார்கள். அதனால் உங்களுக்கு விலை கூடிப்போகாது. அமேசன் 1996இல் இருந்து இந்த முறையை வைத்திருக்கிறது. இங்கே டராஸ் விற்பனைத் தளத்திலும் உண்டு.

இந்த வேலையில் மனம் விடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வேலை செய்கிற நாளுக்கும் காசு கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஆளைச் சோர வைக்கிறது. கணக்கைப் பாருங்கள். அமெரிக்க அமேசனில் சமையலறைச் சாமானுக்கு 4.5 சதவீதம் கொமிஷன். 80 டொலர் மிக்சி ஒன்று விற்றால் 3 டொலர் 60 சதம். லிங்க்கை அமத்தியவர் 24 மணித்தியாலத்துக்குள் வாங்க வேண்டும். அதற்குள் கூடையில் போட்டு வைத்தால் 90 நாள் வரை கணக்கில் வரும். "இவரிட்டையும் ஒருக்காக் கேட்டுப்போட்டு வாங்குவம்" என்று இரண்டு நாள் கழித்து நேரே போய் வாங்கினால் எனக்கு ஒன்றும் இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாலும் இல்லை. எல்லாம் சரியாக நடந்தாலும் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் காசு வரும். உள்ளூரில் இன்னொரு சிக்கல்: சாமான் வீட்டுக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற முறையில், பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் கொமிஷனும் அதோடு போய்விடும்.

இதற்கு மேல் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் அமேசன் கொமிஷனை வெட்டியபோது தளபாடத்துக்கு 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதம் ஆனது. 2023 செப்டெம்பரில் கூகிள் தன் தேடல் முறையை மாற்றியபோது, பொருள் விமர்சனம் எழுதுகிற சின்னத் தளங்கள் பலவற்றுக்கு வாசகர்கள் குறைந்தார்கள். 2024 மே மாதம் தொடக்கம் அமெரிக்காவில் தேடல் பக்கத்தின் மேலேயே ஏஐ பதில் சொல்லிவிடுகிறது. ஒரு இரவு முழுக்க இருந்து செய்த வேலை இப்படி யாரோ எங்கேயோ எடுத்த முடிவால் மதிப்பில்லாமல் போகும் என்று தெரிந்தால், அடுத்த இரவு உட்கார மனம் வருமா?

இதோடு ஊர் வேறு. கலியாண வீட்டுக்குப் போனால் "பிள்ளை எங்கை வேலை?" என்பதுதான் முதல் கேள்வி. அரச அலுவலகம், பாங்க், பள்ளிக்கூடம் என்றால் அதோடு முடிந்தது. நான் விளக்கத் தொடங்கினால், "ஓ, அந்த ஆள் சேர்க்கிறதோ?" என்று முகத்தைப் பார்ப்பார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அவர்களில் பிழை இல்லை. ஆள் சேர்த்தால் காசு என்று சொன்ன திட்டங்களில் நகை அடகு வைத்துப் போட்டு இழந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் இருக்கின்றன. அப்படியான பிரமிட் திட்டங்கள் இலங்கை வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஆகவே வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். அஃபிலியேட்டில் சேர ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. உங்களுக்குக் கீழே ஒருவரையும் சேர்க்கத் தேவையில்லை. சாமான் விற்றால் மட்டும் கொமிஷன். சேர்வதற்குக் காசு கேட்டால், பெயர் என்னவாக இருந்தாலும், எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, எப்படித் திரும்பினேன்? உற்சாகப் பேச்சுகள் கேட்டுத் திரும்பவில்லை. ஒரு கேள்வி வந்தது. கனடாவில் ஸ்காபரோவில் இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: "தங்கச்சி, யாழ்ப்பாணம் வாறன். அங்க இருந்து ஒரு மிக்சியும் கிரைண்டரும் கொண்டு வந்தா இங்க வேலை செய்யுமோ?"

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இங்கே கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம்முடைய மிக்சியை அங்கே கொழுவினால் பலம் இல்லாமல் முனகும். உளுந்தைப் போட்டு வலுக்கட்டாயமாக ஓட விட்டால் மோட்டர் சூடாகிப் பழுதாகலாம். வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கிற டிரான்ஸ்போமர் வாங்கலாம், ஆனால் 750 வொட் மிக்சிக்கு அதைவிட நல்ல கூடின அளவில் எடுக்க வேண்டும். அது கல்லுப் போல பாரம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிக்சியில் இருக்கிற மோட்டர் வகைக்கு 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கிரைண்டரில் இருப்பது வேறு வகை மோட்டர், அதன் வேகமே அந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது. டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. ஆகவே கனடாவுக்கு இரண்டையும் கொண்டு போக வேண்டாம், அங்கத்தைய கரண்டுக்கென்றே செய்த இந்திய மிக்சியும் கிரைண்டரும் அங்கேயே கிடைக்கின்றன என்று எழுதினேன்.

அதைப் பார்த்துவிட்டு லண்டனில் இருந்து ஒருவர் கேட்டார், எங்களுக்கும் அப்படியா என்று. இல்லை. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இங்கே இப்போது விற்கிற சதுர முள்ளு வைத்த 13 அம்பியர் பிளக் அங்கே அப்படியே கொழுவும். பாரம் தூக்க முடியுமென்றால் இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள் என்றேன். அந்தப் பதிலால் எனக்கு ஒரு சதமும் வராது. ஆனால் அன்று பின்னேரம் நான் எழும்பாமல் இருந்து, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே என்று ஒவ்வொரு நாட்டுக்கும் வோல்ட்டும் பிளக்கும் எழுதி முடித்தேன். வேலை செய்த களைப்பு இருந்தது, வெறுப்பு இல்லை. எனக்கு வேண்டிய உற்சாகம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அப்போது விளங்கியது. காசு எப்போது வரும் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. ஒருவருடைய கேள்விக்கு இன்றே சரியான பதில் கொடுத்தேனா என்பதை நான் தீர்மானிக்கலாம்.

அதற்குப் பிறகு புது வீடியோ ஒன்றும் எடுக்கவில்லை. முதலில் பழையதைத் திருத்தத் தொடங்கினேன். திரும்பி வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்: பழைய லிங்க்குகளை ஒவ்வொன்றாக அமத்திப் பாருங்கள். சில சாமான் இப்போது விற்பனையில் இல்லை. சிலதில் மொடல் மாறியிருக்கும். கையால் எழுதிய விலை இருந்தால் எடுத்துவிடுங்கள். விலை நாளுக்கு நாள் மாறும், பார்ப்பவர் ஏமாறக் கூடாது. என்னைப் பார்ப்பவர்கள் பலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் அமெரிக்கத் தளத்தின் லிங்க்கை அமத்தினால் என்ன பயன்? அமேசனில் வன்லிங்க் என்று ஒரு வசதி இருக்கிறது, பார்ப்பவரை அவருடைய நாட்டுத் தளத்துக்கே கொண்டு போகும். ஆனால் ஒவ்வொரு நாட்டுத் தளத்திலும் தனித்தனியாக நீங்கள் சேர்ந்திருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தால் முதல் 180 நாளுக்குள் மூன்று விற்பனை வர வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். திரும்ப விண்ணப்பிக்கலாம்.

அந்த மூன்று விற்பனைக்காக, "பெரியம்மா, என்ர லிங்க்கில ஒண்டு வாங்குங்கோ" என்று கேட்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. விதிப்படி அது கூடாது. சொந்தமாக வாங்குவதும், உறவினர், நண்பர்களை வைத்து வாங்குவிப்பதும் கணக்கில் சேராது, கணக்கே போகலாம். கொமிஷன் கிடைக்கும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நான் இனி வீடியோவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லப் போகிறேன். கீழே சின்ன எழுத்தில் போட்டால் நம் அம்மாமார் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

உள்ளூர்க் கேள்விகளில் அதிகம் வருவது தண்ணீர் பில்டர். இதில் நான் மிகக் கவனமாக இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் இது சின்னப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். அது பார்க்க அசிங்கம், ஆனால் பெரிய பயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாதது நைத்திரேற்று. தோட்டத்துப் பசளையாலும் மலசலகூடக் குழியாலும் கிணற்றுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீட்டில் இது மிக முக்கியம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். சாதாரண கரி பில்டரும் அதை எடுக்காது. கையில் வைத்து எண் காட்டுகிற டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும், நைத்திரேற்று எவ்வளவு என்று சொல்லாது. ஆர்ஓ பில்டர் எடுக்கும், ஆனால் ஒரு லீற்றர் தருவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடின தண்ணீரை வெளியே விடும். நிலத்தடி நீரை நம்பி இருக்கிற ஊரில் அந்தத் தண்ணீரைச் சும்மா ஓட விடக் கூடாது, தரை கழுவவாவது பிடித்து வையுங்கள். ஆகவே என்னிடம் பில்டர் லிங்க் கேட்பவர்களிடம் முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். விலை கூடிய பில்டருக்கு எனக்குக் கொமிஷனும் கூடுதலாக வரும். தண்ணீர் நல்லதென்றால் அது உங்களுக்குத் தேவையே இல்லை.

காசு எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே பலர் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாகத்தான் பாங்குக்கு எடுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் சேவை செய்து டொலரில் உழைக்கிற வருமானத்துக்கும் வரி உண்டு, கூடியது 15 சதவீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு. வருவது கொஞ்சமாக இருந்தாலும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விரிவாகக் கதைக்க ஒரு கணக்காளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி வாரத்தில் ஒரு வீடியோ. ஒரு வீடியோவில் ஒரு கேள்விதான். கேட்பவர்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று மூன்றையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் நான் பொதுவாகத்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அடுத்தது இடியப்ப உரல். கை வலிக்கிறது, பிழிய முடியவில்லை என்று வயதான அம்மாமார் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய், மர உரலும் திருகுகிற உரலும் வாங்கி வந்து, அரிசி மாவும் கோதுமை மாவும் போட்டு நானே பிழிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.