துணியைத் திருப்பிப் பாருங்க: டச்சு வாக்ஸும் ஷோனிபாரேவும்

வணக்கமுங்க. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் கேமராவை ஆன் பண்ணியிருக்கேன். இந்தத் துணியப் பாருங்க. ஈரோட்டுல ‘ஆப்பிரிக்கன் வாக்ஸ்’னு சொல்லிக் குடுத்தது. வாக்ஸ்னா பிசின் ஒட்டிச் சாயம் போட்ட பருத்தித் துணி, டச்சு வாக்ஸ்னும் சொல்லுவாங்க. மீட்டர் 280. முன்னாடி ஜோரா இருக்குது. இப்பத் திருப்பறேன்... வெள்ளை! டிஜிட்டல் பிரிண்டுங்க இது. இதே மாதிரி பிரிண்ட் காட்டன் அதே தெருவுல 110க்குக் கெடைக்குது. மிச்சம் 170 ரூபா எதுக்கு? இந்த மெல்லிசான விரிசல் கோட்டுக்கு. அதையும் கம்ப்யூட்டர்லதான் வரைஞ்சிருக்காங்க. டேப் வெச்சு அளந்தேன், 42 சென்டிமீட்டருக்கு ஒருக்கா அதே விரிசல், அதே வளைவு. 170 ரூபாங்க!

நெசமான வாக்ஸ்ல பூ திரும்ப வரும், விரிசல் திரும்ப வராது. ரெண்டு பக்கமும் பிசின் ஒட்டி அவுரிச் சாயத்துல முக்குவாங்க. பிசின் நொறுங்குற எடத்துல சாயம் உள்ள பூந்துக்கும். அதனால முன்பக்கம், பின்பக்கம்னு கெடையாது.

யிங்கா ஷோனிபாரேன்னு இந்தத் துணிய வெச்சுச் சிற்பம் செய்யற பிரிட்டிஷ்-நைஜீரியக் கலைஞரைப் பத்தின வீடியோ பாத்தவங்களுக்கு இது ஏன் பெரிய விசயம்னு தெரியும். லண்டன்ல 1962ல பொறந்து லாகோஸ்ல வளந்தவர். 2003ல செஞ்ச ‘ஸ்கிராம்பிள் ஃபார் ஆப்பிரிக்கா’வுல மேசையச் சுத்தி தலையில்லாத 14 பொம்மைங்க, மேசை மேல ஆப்பிரிக்கா மேப். 1884-85ல ஐரோப்பா நாட்டுக்காரங்க பெர்லின்ல உக்காந்து கண்டத்தைப் பங்கு போட்டாங்கல்ல, அது. கோட்டு சூட்டெல்லாம் விக்டோரியா காலத் தையல், துணி மட்டும் இந்த வாக்ஸ். தோல் நெறத்தை வெச்சு வெள்ளையா கறுப்பான்னு முடிவு பண்ண முடியாது, மொகமும் இல்ல. பாக்கறவங்க துணிய வெச்சு ‘ஆப்பிரிக்கா’ன்னு நெனப்பாங்க. அங்கதான் மாட்டுவாங்க. துணி, கையால மெழுகு தடவிச் சாயம் போடற இந்தோனேசியா பாத்திக்கோட நகல். டச்சுக்காரங்க மெஷின்ல ஓட்டி மேற்கு ஆப்பிரிக்காவுல வித்தது. இதைச் செய்யற வ்லிஸ்கோ கம்பெனி நெதர்லாந்து ஹெல்மண்ட்ல 1846லயே ஆரம்பிச்சது. இவரு அதை வாங்குனது லண்டன் பிரிக்ஸ்டன் மார்க்கெட்டுல!

“அதுவே காப்பிதானுங்க, அப்புறம் எதுக்குக் கோவம்?”னு கமெண்ட் வரும், தெரியும். அந்தக் காப்பியில விரிசல் விழுந்ததுக்கு ஒரு காரணம் இருக்குது. மெஷினால கை வேலை மாதிரி பிசினைப் புடிச்சு வெக்க முடியல. இதுல விரிசலுக்குக் காரணமே இல்ல, வெறும் படம். எனக்குப் புடிக்கல, அவ்ளோதான்.

சரி, வீட்டுல செய்யலாம். ஒரு மீட்டர் பாப்ளின். பாரஃபின் 80 பங்கு, தேன்மெழுகு 20. தேன்மெழுகு ஏறுனா வளையும், விரிசல் விழாது. பெரிய சட்டியில தண்ணி, அதுக்குள்ள சின்ன ஏனத்துல மெழுகு. நேரா அடுப்புல வெச்சா தீப்புடிக்கும். தடவுன எடம் எண்ணெய்க் காயிதமாட்டத் தெரியணும். வெள்ளையா நின்னா சூடு பத்தல, சாயம் அடியில பூந்துரும்.

அடடா, கஞ்சி எடுக்கறதைச் சொல்லவே இல்ல. மெழுகுக்கு முன்னாடியே துணிய சோடா ஆஷ் போட்டு அரை மணி நேரம் வேக வெச்சு, அலசிக் காய வெச்சிருங்க. கஞ்சி இருந்தா மெழுகு உள்ள எறங்காது.

மெழுகு பூசுன துணிய ஐஸ் தண்ணியில முக்கிக் கசக்குங்க. அடுத்தது சாயம். இங்கதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. கடையில சும்மா பருத்திக்குப் போடற ‘ரியாக்டிவ்’ சாயம்னு கேட்டா, சூட்டுல புடிக்கற ஹாட் பிராண்டைக் குடுத்துருவாங்க. நம்மூரு சாயப்பட்டறைக்கு அது சரி, 80 டிகிரியில ஓட்டுவாங்க. பாரஃபின் 60க்குள்ளயே உருகிரும், மொத்தமும் போச்சு. ‘எம் பிராண்ட், கோல்டு (cold)’ன்னு கேளுங்க, அது சூடில்லாமலே புடிக்கும். 5 லிட்டர் பச்சைத்தண்ணி, சாயம் 10 கிராம், உப்பு 250. இருவது நிமிசம் கழிச்சு சோடா ஆஷ் 100 கிராமைக் கரைச்சு ஊத்தி, இன்னொரு மணி நேரம். ஆப்ப சோடா வேலைக்காகாதுங்க.

அலசிட்டு, சோப்புத் தண்ணியில கொதிக்க விட்டா மெழுகு மேல மெதக்கும். ஆறுனதும் ஏடாட்டம் எடுத்துருங்க. சிங்க்ல ஊத்துனா பைப் அடைச்சுக்கும்.

280 ரூபா துணியா? ஏனம் தொடைக்க வெச்சிருக்கேன்.