சாவித்திரிக்குள் கடோத்கஜன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மாயமும் காதலும் கலந்த படங்களைக் கொண்டாடும் ரசிகர்கள் சிந்திக்க மறுப்பவர்களா, நுட்பமாக ரசிப்பவர்களா என்பது இன்றைய வழக்கு. நுட்பமாக ரசிப்பவர்களே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மையார் கேட்டார்: "லட்டுகள் தாமாகப் பறந்து ராட்சசன் வாய்க்குள் விழுகின்றன. அதற்குக் கை தட்டுகிறவர்களுக்கு யோசிக்கத் தெரியுமா?" அம்மையாரே, நீங்கள் காட்டிய 'மாயா பஜார்' படமே என் சாட்சி. கே.வி. ரெட்டி 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் இயக்கிய படம் அது. பலராமன், ரேவதி தம்பதியின் மகள் வத்சலாவை அர்ஜுனன் மகன் அபிமன்யுவுக்குத் தருவதாகப் பெரியவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாண்டவர்கள் சூதில் நாட்டை இழந்ததும் அந்த வாக்கு காற்றில் போகிறது. பெண்ணைத் துரியோதனன் மகனுக்குப் பேசி முடிக்கிறார்கள். லட்டு பறந்ததைக் கேள்வி கேட்காத அதே ரசிகர், இந்த இடத்தில் பலராமனையும் ரேவதியையும் மன்னிப்பதில்லை. சொத்து போனதும் சம்பந்தியை மறப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவருக்குத் தெரியும். எதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தேர்ந்தெடுப்பவரையா யோசிக்காதவர் என்கிறீர்கள்?

அடுத்து, வத்சலாவாக நடித்த சாவித்திரி. நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும். காதலர்களைச் சேர்த்துவைக்க, லட்டு விழுங்கிய அந்த ராட்சசன் கடோத்கஜன் வத்சலாவின் உருவமெடுத்து மணப்பெண்ணாக வருகிறான். திரையில் இருப்பது சாவித்திரி. அவர் நடிப்பது எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜனை. அந்தக் கடோத்கஜனோ வத்சலாவாக நடித்துக்கொண்டிருக்கிறான். மென்மையாக நிற்கும் பெண்ணிடம் நொடிப்பொழுது ஓர் அரக்கனின் மிடுக்கு எட்டிப் பார்க்கிறது. மறுகணமே நாணம் திரும்பிவிடுகிறது. மாப்பிள்ளையாக வரும் தங்கவேலு மிரள்கிறார், அரங்கம் சிரிக்கிறது. மூன்று ஆட்களை ஒரே முகத்தில் பிரித்தறிந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும். அதைப் படிப்பறிவில்லாத பாட்டிகளும் பள்ளி செல்லாத பிள்ளைகளும் முதல் நாளே செய்துகாட்டினார்கள். இதைவிட நுட்பமான ரசனை எது?

மனத்துக்குப் பிரியமானதைக் காட்டும் மாயப் பெட்டியும் படத்தில் உண்டு. வத்சலா திறந்தால் அபிமன்யு தெரிகிறான்; பலராமன் திறந்தால் துரியோதனன் தெரிகிறான். நமக்கு எது தெரியும் என்று நினைக்காமல் அந்தக் காட்சியைக் கடந்தவர் இந்த அவையில் யாராவது உண்டா?

"அந்தக் காலத்து மக்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை" என்று எதிரணியின் இன்னொரு பேச்சாளர் சொன்னார். 2013இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி சிஎன்என்-ஐபிஎன் தொலைக்காட்சி நூறு படங்களைப் பட்டியலிட்டு இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. மக்கள் முதலிடம் தந்தது மாயா பஜாருக்கு. வேறு பொழுதுபோக்கே இல்லாத காலமா அது, ஐயா? அந்த வாக்குகளை யோசிக்காமல் போட்டார்கள் என்று எதிரணி நிரூபிக்கட்டும். அதன் பிறகு தீர்ப்பை எழுதுங்கள், நடுவர் அவர்களே.