புது அச்சு படுத்துன பாடு! 163 அச்சுமுறுக்கு | பாம்பன் கிறிஸ்துமஸ் பலகாரம்

வணக்கம் உறவுகளே! முதல்ல இதைப் பாருங்க. இருங்க, போனைக் கிட்ட கொண்டு வர்றேன். தெரியுதா? இந்த டின்னு, அந்தா அந்த டின்னு, கீழ இருக்கிற தூக்குவாளி, எல்லாத்துலயும் அச்சுமுறுக்கு. எண்ணிட்டேன், 163. முந்தாநாள் வீடியோல அழாத குறையா உங்ககிட்ட தூக்கிக் காட்டுனேன்ல ஒரு அச்சு, அதே அச்சுல சுட்டது. ஒண்ணுகூட உடையல. சரி, நாலு உடைஞ்சுச்சு. அது மகன் தூக்குவாளியைக் கீழ போட்டதுல உடைஞ்சது, அச்சு மேல குத்தம் இல்ல.

புதுசா வர்றவங்களுக்கு மட்டும் வேகமா சொல்லிர்றேன். எங்க அம்மாச்சியோட பழைய பித்தளை அச்சு, அந்த எட்டு இதழ் அச்சு, மூணு வருஷமா நம்ம வீடியோல வந்துச்சுல்ல, அது இப்ப மூக்கையூர்ல இருக்கு. தங்கச்சியை அங்க கட்டிக் குடுத்தோம், அம்மாச்சி அவ கையிலயே அதைக் குடுத்துவிட்டாங்க. எனக்கு வருத்தமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா தனிக்குடித்தனம் போன வீட்டுல முதல் கிறிஸ்துமஸ், அவகிட்ட இருக்கிறதுதான் முறை.

அதான் நான் புதுசு வாங்கப் போனேன். வியாழக்கிழமை, ராமநாதபுரம். கடைப் பேரு சொல்ல மாட்டேன். வார்ப்பு இரும்பு அச்சு, 480 ரூபா சொன்னாரு. நான் 400க்குக் கேட்டேன். இல்லம்மா, சீசன் நேரம்னாரு. 450ன்னேன். கடைசியில 470க்கு வாங்கிட்டு வந்தேன். வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வர்றேன், ஒரு சின்னப் பாத்திரக் கடை வாசல்ல அதே அச்சு, அதே கைப்பிடி, அதே ஆறு இதழ் பூ, தொங்குது. கேட்டேன். 320. நூத்தி அம்பது ரூபா உறவுகளே! நூத்தி அம்பது ரூபாய்க்கு மூணு தேங்கா வாங்கிருவேன் நான். இப்ப தேங்கா விக்கிற விலைக்கு மூணு தேங்கான்னா சும்மாவா? பஸ்ல பாம்பன் வர்ற வரைக்கும் அதேதான் மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாலத்துல ஏறுனதும் பக்கத்துல இருந்த பிள்ளைக எல்லாம் புது ரயில் பாலத்தைக் காட்டி போட்டோ எடுக்குதுக, நான் மடியில இருக்கிற அச்சைப் பாத்துக்கிட்டு வர்றேன்.

அந்த 150 ரூபாயைக்கூட விட்டுருவேன். அவரு என்ன சொன்னாரு? "அப்படியே எண்ணெயில முக்கிப் போடலாம்மா, ஒண்ணும் செய்ய வேண்டாம்." இதைத்தான் என்னால பொறுக்க முடியல. இரும்பு அச்சை விக்கிறவங்க இப்படிச் சொல்லலாமா? வெள்ளிக்கிழமை மாவைக் கரைச்சு, சட்டி வச்சு, முதல் அச்சை விட்டேன். பிடிச்சுக்கிச்சு. உதறுறேன், விழல. கம்பியை விட்டு நோண்டி எடுத்தா பூ இல்ல, பொரி. பதினோரு முறுக்கு அப்படி. பதினொண்ணாவதுல அடுப்பை அமத்திட்டேன். அந்தக் கதையைத்தான் அன்னைக்கு வீடியோல சொன்னேன்.

கமெண்ட்ல மைதா சேருங்க, மைதா சேருங்கன்னு எத்தனை பேரு! மைதா நான் சேக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். மைதா போட்டா மறுநாளே நமுத்துப் போயிரும், கடிச்சா பிஸ்கெட் மாதிரி இருக்கும். அச்சுமுறுக்குன்னா வாயில வச்சதும் கண்ணாடி மாதிரி நொறுங்கணும். குத்தம் மாவுல இல்ல. இதே மாவுதான் இன்னைக்கும்.

சரி, என்ன செஞ்சேன்னு சொல்றேன். புது இரும்புல துருப்பிடிக்காம இருக்க ஏதோ பூசி அனுப்புறாங்க. அதை முதல்ல எடுக்கணும். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேச்சுக் கழுவி, வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா வடிச்ச கஞ்சியில ஊறப் போட்டேன். சனிக்கிழமை காலையில கழுவித் துடைச்சு, எண்ணெயில போட்டு சின்னத் தீயில முக்கால் மணி நேரம். கொதிக்க விடக் கூடாது, சும்மா சூடு ஏறிக்கிட்டே இருக்கணும். அடுப்பை அமத்திட்டு அந்த எண்ணெயிலயே ராத்திரி பூரா விட்டுட்டேன். இரும்பு எண்ணெயைக் குடிக்கணும், அவ்வளவுதான் விஷயம். தோசைக்கல்லுப் பழக்குவோம்ல, அதே கதைதான்.

இன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சு வந்ததும் சட்டியை ஏத்துனேன். வெளிய வாடைக்காத்து அடிக்குது, தீ நிக்க மாட்டேங்குது, கொல்லையில கிடுகை மறைப்பா சாத்திக்கிட்டு உக்காந்தேன். அச்சு எண்ணெய்க்குள்ளயே கிடந்து சுடணும். எடுத்து, ஒரு உதறு உதறி, மாவுல முக்கால்வாசிதான் முக்கணும். மேல் விளிம்பை மாவு தாண்டுச்சுன்னா மூடிக்கும், அப்புறம் கழலவே கழலாது. சூடு பத்தலைன்னா மாவு ஒட்டாது. சூடு மிஞ்சுனா சொய்ங்னு சத்தம் போட்டுட்டு மாவுச் சட்டியிலயே விழுந்துரும். சரியான சூட்டுல ஒரு சின்ன இஸ்ஸு மட்டும் கேக்கும். அப்படியே எண்ணெய்க்குள்ள இறக்குறேன். ஓரத்துல நுரை கட்டுது, இதழ் ஒவ்வொண்ணும் விரியுது, வெள்ளையா இருந்தது சந்தனக் கலருக்கு வருது. கையை லேசா ஆட்டுறேன்.

டக்.

விழுந்திருச்சு உறவுகளே! தானாக் கழண்டு எண்ணெய் மேல மிதக்குது. நான் போட்ட சத்தத்துல வீட்டுக்காரரு வலையை விட்டுட்டு ஓடி வந்துட்டாரு, கையைச் சுட்டுக்கிட்டேனோன்னு. தென்னை ஈர்க்குல திருப்பிவிட்டு, எடுத்து, கவுத்து வச்ச டம்ளர் மேல வச்சேன். சூடு ஆறுறதுக்குள்ள அது லேசா வளைஞ்சு பூ மாதிரி நிக்கும், அதுக்குத்தான் டம்ளர்.

ஐயோ, அளவே சொல்லலையே. பச்சரிசி ஒரு கிலோ, ரெண்டு மணி நேரம் ஊறவச்சு, வடிச்சு, துணியில நிழல்ல உணத்தி, ஈரம் கையில ஒட்டாத பதத்துல மில்லுல குடுத்துச் சலிச்சது. கடையில விக்கிற பாக்கெட் மாவு ஆகாது, அது வறட்டு மாவு. ரெண்டு பெரிய தேங்காவோட முதல் பால், முட்டை நாலு, சீனி கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல, உப்பு ஒரு சிட்டிகை, கறுப்பு எள்ளு. தோசை மாவைவிட ஒரு கரண்டி தண்ணி கூட இருக்கிற பதம். சீனி கூடுனா உடனே கருகும், அதுல கை நீளக் கூடாது.

இன்னைக்கு ஏன் இவ்வளவு அவசரமா முடிச்சேன்னு பழைய ஆளுகளுக்குத் தெரியும். இன்னைக்கு 21. நாளைக்கு 22. எங்க வீட்டுல 22, 23 ரெண்டு நாளும் எண்ணெய்ச் சட்டி ஏறாது.

எங்க அம்மாச்சி தனுஷ்கோடிக்காரங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தப்ப அவங்களுக்கு 18 வயசு, இடுப்புல எங்க பெரிய மாமா கைப்பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் இருக்கு, வீட்டுல பலகாரம் சுட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. காத்துல அடுப்பு அணைஞ்சுச்சு, அப்புறம் தண்ணி வந்துச்சு. அம்மாச்சி அதுக்கு மேல சொல்ல மாட்டாங்க. நானும் கேமராவுக்காகக் கேக்க மாட்டேன், எத்தனை பேரு கேட்டாலும். பாம்பன்ல இருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. அரிச்சல்முனைக்கு டூர் வர்றவங்க தனுஷ்கோடியில அந்தக் கூரையில்லாத சர்ச் முன்னாடி சிரிச்சுக்கிட்டு செல்பி எடுக்கிறீங்கள்ல, எடுங்க, வேண்டாம்னு சொல்லல. அங்கதான் அம்மாச்சி புதுநன்மை, அதான் முதல் தடவை நற்கருணை, வாங்குனாங்க. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

ஊரே வாழத் தகுதியில்லைன்னு அரசாங்கம் சொன்னப்புறம் பாம்பனுக்கு வந்துட்டாங்க. அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு யாரும் எதுவும் சுடல. அதுக்கு அடுத்த வருஷம், பக்கத்து வீட்டுல இருந்த கீழக்கரை லாத்தா ஒருத்தங்க (முஸ்லிம் வீட்டு அக்காவை லாத்தான்னுதான் சொல்லுவோம்), பிள்ளை பலகாரம் கேட்டு அழுதுன்னு, தன்னோட அச்சை எடுத்துக் குடுத்திருக்காங்க. திருப்பிக் குடுக்கப் போனா வாங்கலையாம். அந்த எட்டு இதழ் பித்தளை அச்சு அதுதான். இதை நான் எந்த வீடியோலயும் சொன்னதே இல்ல, இப்பதான் நினைப்பு வருது. அந்த லாத்தாவோட பேத்தி வீட்டுக்குத்தான் எங்க முதல் தட்டு போகும். ரம்ஜானுக்கு அங்கேருந்து வட்டலப்பமும் தொதலும் வரும். தொதல்னா கீழக்கரைத் தொதல், அரிசி மாவு, தேங்காப்பால், கருப்பட்டி, கை கழண்டு விழுற அளவுக்குக் கிண்டுறது. அதுக்கு முன்னாடி எந்த டப்பா கேக்கும் நிக்காது. அதுலயும் டூட்டி ஃப்ரூட்டி போட்ட கேக்கை தயவுசெஞ்சு எனக்கு யாரும் அனுப்பாதீங்க. போன வருஷம் அன்பா மூணு பேரு அனுப்புனீங்க, நன்றி, ஆனா எனக்கு அது ஆகவே ஆகாது.

கடற்கரையில இருந்துக்கிட்டு கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஏன் மீன் சமைக்கலைன்னு ஒரு தம்பி கேட்டிருந்தீங்க. தம்பி, வருஷம் பூரா மீனுதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு போகாது, அப்பக்கூட நாட்டுப்படகு மீனோ கருவாடோ சட்டியில கிடக்கும். நல்ல நாளுன்னா எங்களுக்குக் கறிதான். தெருவுல ஏழு வீடு சேந்து ஒரு ஆட்டைப் பங்கு போட்டிருக்கோம். நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்து, குடில்ல குழந்தை இயேசு சுரூபத்தை வச்சு ஜெபம் சொன்னப்புறம்தான் டின்னைத் திறப்போம். அதுவரைக்கும் பிள்ளைக தொடக் கூடாது. அச்சுமுறுக்கும் கருப்பட்டிக் காப்பியும். விடிஞ்சா இட்லி, கறிக்குழம்பு. குழம்புக்கு நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகா வத்தல்தான், 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, அது. குண்டா இருக்கும், தோல் கனம், குழம்பு நல்லா கெட்டியா நிக்கும். நீட்டு வத்தல்ல அந்த ருசி வராது, யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணி. மீனு மறுநாள், 26ந்தேதி, நண்டு ரசத்தோட.

இப்ப ஒரு சேதி. முந்தாநாள் வீடியோவைப் பாத்துட்டுத் தங்கச்சி போன் பண்ணுனா. "அக்கா, நான் அச்சைக் குடுத்துவிடுறேன், பஸ்ல வர்ற ஆளு இருக்கு"ன்னா. வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ எடுத்துக்கிட்டு 24ந்தேதி காலையில நேரா வா, மாவு நான் கரைச்சு வைக்கிறேன்னேன். பெரிய சட்டியில ரெண்டு அச்சும் சேந்து கொள்ளும். அவ எட்டு இதழ், நான் ஆறு இதழ். அம்மாச்சிக்கு 79 வயசு, இடுப்பு முடியல, இருந்தாலும் ஈர்க்கு பிடிச்சுத் திருப்பிவிட நான் இருக்கேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. கல்கல் பலகாரம் சுடுறதும் அன்னைக்குத்தான். அந்த வீடியோ 24 ராத்திரி வரும், பூசைக்குப் போறதுக்கு முன்னாடி போட்டுருவேன்.

கேக்குதா? டிரம்மு சத்தம். கேரல் பாட்டு நம்ம தெருவுக்கு வந்துருச்சு. அம்மாச்சி அங்க சட்டியைக் கழுவிக் கவுத்திட்டாங்க. அந்தா பாருங்க, திண்ணையில. நான் போய் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும். பாட வர்ற பிள்ளைகளுக்கு மட்டும் டின்னைத் திறக்கலாம், அது கணக்குல சேராது. வர்றேன் உறவுகளே!